அலமாரியில் இருந்த வெள்ளம்

குன்னம்பேட்டு ஏரிக்கரையில் விரிசல் விழுந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது கோவர்த்தனனுடைய ஆடு. மதகுக்குக் கிழக்கே இருபதடி தள்ளி அதன் முன்னங்கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. காலை விடுவித்துவிட்டுக் கோவர்த்தனன் தன் கையை விட்டுப் பார்த்தான். முழங்கை வரைக்கும் போயிற்று. விரல் நுனியில் ஈரம் பட்டது.

கரைக்கு அந்தப் பக்கம் முக்கால் ஏரித் தண்ணீர். இந்தப் பக்கம், பள்ளத்தில், நாற்பத்தொரு வீடுகள். அதில் ஒன்று அவனுடையது. வங்கக் கடலில் ஒரு புயல் கிளம்பி, வியாழக்கிழமை சாயங்காலம் சூளூர்பேட்டைப் பக்கம் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று திங்கட்கிழமை.

சித்தூர் ஜில்லாவில், விஜயபுரத்துப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை ஒன்று உண்டு. தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் பாசன ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை மறந்துவிட வேண்டும். கோவர்த்தனன் முதல் பாதியைச் செய்துவிட்டு, இரண்டாவதைச் செய்யாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். மத்தியானம் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) வேங்கடாசலம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் அவன் அங்கேயே இருந்ததால், வேறு வழியில்லாமல் உள்ளே கூப்பிட்டார்.

"இன்னும் போகலையா பாபு?"

"விரிசல் கீது சார். கை உள்ள போவுது."

"போகட்டும். எங்க ஆபீஸ்ல விரிசலுக்கு ஃபாரம் கிடையாது. கரை நல்லா இருக்கு, அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. கரை உடைஞ்சு போச்சு, அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. நடுவுல ஏமி லேது."

"நீங்க ஒரு தபா வந்து பாத்தீங்கன்னா..."

"நான் பாத்தா அது நான் பாத்ததுதானே? சித்தூர்ல பெரிய ஆபீஸ்ல யார் நம்புவாங்க?" வேங்கடாசலம் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தோதாத்ரி சாமியைப் போய்ப் பாருங்க. அவர் பத்தியில நாலு வரி வந்தா போதும். மறுநாளே ஜேசிபி வரும்."

தோதாத்ரி யார் என்று கோவர்த்தனனுக்குத் தெரியும். எல்லை மண்டலங்களில் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். திருப்பதியிலிருந்து வரும் 'வடவெல்லை' நாளிதழின் ஆறாம் பக்கத்தில், இடது ஓரமாக, இருபத்தேழு வருஷங்களாக அவர் 'நேரில் கண்டேன்' என்ற பத்தியை எழுதிவந்தார். ஒரு காலத்தில் அந்தப் பத்தியால் ஒரு அதிகாரிக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு வந்த அதிகாரி முன்ஜாக்கிரதையாக ஒரு சுற்றறிக்கை போட்டார்: 'மேற்படி பத்தியில் வெளியாகும் விஷயங்கள் யாவும் நேரில் காணப்பட்டவையாகக் கருதப்படும்.' ஆகவே, அதன்பின் வேறு யாரும் எதையும் நேரில் காணத் தேவையில்லாமல் போயிற்று. பத்தியை வெட்டி, தெலுங்கில் பெயர்த்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்தால் அது ஆய்வறிக்கை.

செவ்வாய்க்கிழமை காலை கோவர்த்தனன் நகரியில் ஒரு பஸ்ஸும் புத்தூரில் ஒரு பஸ்ஸும் மாறித் திருப்பதிக்குப் போனான்.

*

'வடவெல்லை' ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. தோதாத்ரி காலையில் ஒரு தடவை ஏறிவிட்டால் சாயங்காலம்தான் இறங்குவார் என்றும், இடையில் இறங்க வேண்டிய அவசியம் இருபத்தேழு வருஷங்களில் ஏற்படவில்லை என்றும் வாசலில் இருந்தவர் பெருமையாகச் சொன்னார்.

"வாப்பா, உக்காரு" என்றார் தோதாத்ரி. வெள்ளை வேஷ்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண், தங்க ஃபிரேம் கண்ணாடி. பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஆறாம் பக்கத்தைக் கட்டும் உதவியாசிரியை ஸ்ரீவல்லி உட்கார்ந்திருந்தாள்.

கோவர்த்தனன் விரிசலைச் சொன்னான். ஆட்டைச் சொன்னான். முழங்கையைச் சொன்னான். தோதாத்ரி கண்களை மூடிக் கேட்டார்.

"ஆஹா" என்றார் கடைசியில். "இதோ, அந்தக் கரைமேல நடக்கறேன். காலுக்கடியில மண்ணு நெகிழறது. ஒரு நாரை பறந்து போறது. ஸ்ரீவல்லி, நாரை போடு."

"எங்க ஏரில நாரை வராது சாமி. கொக்குதான்."

"நாரை இருக்கட்டும்ப்பா. கொக்கு எல்லாப் பத்தியிலயும் வரது."

ஸ்ரீவல்லி தலையைத் திருப்பாமல் கேட்டாள். "எந்த இடத்துல விரிசல்?"

"மதகுக்குக் கிழக்கால இருபதடி மேடம்."

அவள் தட்டிக்கொண்டாள். கோவர்த்தனனுக்கு உயிர் வந்தது. "நாளிக்கே வந்துடுமா சாமி? வியாழக்கிழமை புயலு."

"எச்சரிக்கை நாளைக்கு வரும். அதை நான் ராத்திரிக்குள்ள எழுதிடுவேன். வெள்ளம் வெள்ளிக்கிழமை வரும். அது ரெடியா இருக்கு."

கோவர்த்தனனுக்குப் புரியவில்லை. ஸ்ரீவல்லி எழுந்து போய் ஒரு இரும்பு அலமாரியைத் திறந்தாள். உள்ளே கோப்புகள் சீராக அடுக்கியிருந்தன. முதுகில் சீட்டு ஒட்டியிருந்தது. வறட்சி. வெள்ளம். பஸ் கவிழ்தல். பள்ளிக்கூடச் சுவர் இடிதல். தலைவர் மறைவு (ஆளுங்கட்சி). தலைவர் மறைவு (மற்றவை).

"எல்லாம் ஸ்டாக்" என்றார் தோதாத்ரி. "சம்பவம் நடந்தப்புறம் எழுத உக்காந்தா பதற்றத்துல நடை கெட்டுப்போயிடும். அமைதியா இருக்கறச்சே எழுதி வெச்சுடுவேன். ஊர் பேரும் ஆள் பேரும் மட்டும் அப்பப்போ நிரப்பிக்கறது."

வெள்ளத்தை எடுத்து ஸ்ரீவல்லி அவன் முன்னால் வைத்தாள். மூன்று இடத்தில் கோடு போட்டு விட்டிருந்தது. முதல் கோட்டில் பென்சிலால் 'குன்னம்பேடு' என்று எழுதினாள். இரண்டாவதில் 'மதகுக்குக் கிழக்கே இருபதடி'. மூன்றாவது கோடு பத்தியின் கடைசியில் இருந்தது. கோவர்த்தனன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "'எல்லாம் போயிடுச்சு சாமி, உயிர் ஒண்ணுதான் மிச்சம்' என்று என் கைகளைப் பற்றிக்கொண்டு விம்மினார் ________ ."

"உன் முழுப் பேரு?" என்றார் தோதாத்ரி.

"சாமி, இன்னும் ஒண்ணும் போவலயே."

"போகலைப்பா. அதனாலதான் இப்பவே வாங்கி வெச்சுக்கறோம். போனப்புறம் உன்னை எங்கே போய்த் தேடறது?"

அந்தக் கேள்வியை எந்தக் கடுமையும் இல்லாமல், ஒரு டாக்டர் விலாசம் கேட்பது மாதிரி கேட்டார். ஸ்ரீவல்லி ஒரு படிவத்தை நீட்டினாள். 'மேற்கண்ட வாக்கியத்தை நான் சொன்னதாக வெளியிட எனக்கு ஆட்சேபணை இல்லை.'

"இத்த நான் சொல்லலயே."

"சொன்னாத்தான் ஆட்சேபணையே வராதே" என்றாள் ஸ்ரீவல்லி. "சொல்லாததுக்குத்தானே கையெழுத்து." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "போடலைன்னா எச்சரிக்கையும் வராது. ரெண்டும் ஒரே ஃபைல்" என்றாள்.

நாற்பத்தொரு வீடுகளை நினைத்துக்கொண்டு கோவர்த்தனன் கையெழுத்துப் போட்டான். ஸ்ரீவல்லி செல்போனில் அவனைப் படம் எடுத்தாள். கொஞ்சம் அழுகிற மாதிரி இருக்கச் சொன்னாள். அவன் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தான்.

*

புதன்கிழமை காலையில் அவன் மனைவி ஷோபா டீக்கடையிலிருந்து பேப்பரை வாங்கி வந்து ஆறாம் பக்கத்தை விரித்தாள். மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு அவனிடம் கொடுத்தாள்.

"கரையக் காணோம்யா. அந்தாளுதான் கீறாரு."

பத்தியின் தலைப்பு: 'இருபத்தேழு ஆண்டுகள்: என்னை நான் நேரில் கண்டேன்'. அன்றைக்குக் காலை பதினோரு மணிக்குத் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா என்று கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

கோவர்த்தனன் மறுபடியும் இரண்டு பஸ் மாறினான். தூறல் ஆரம்பித்துவிட்டிருந்தது.

மண்டபத்து வாசலிலேயே ஸ்ரீவல்லி அவனைப் பார்த்துவிட்டாள். "நல்லவேளை வந்தீங்க. பத்தியால பயனடைஞ்சவர்னு ஒருத்தரை மேடையில உக்கார வைக்கணும். ராமகுப்பத்துலேர்ந்து ஒருத்தர் வர்றதா இருந்தார், மழைன்னு வரலை."

"எனுக்கு இன்னும் ஒண்ணும் ஆவலயே மேடம். எச்சரிக்கயே வரலியே."

"ஆகப்போறதுதானே. உக்காருங்க."

அவனுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். சித்தூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்தார். "நான் இந்த ஜில்லாவுக்கு வந்து ரெண்டு வருஷம். ஒரு ஏரியும் பார்த்ததில்லை, ஒரு வாய்க்காலும் பார்த்ததில்லை. ஆனா எனக்குத் தெரியாத ஏரி கிடையாது. காரணம், காலையில காபியோட 'நேரில் கண்டேன்' படிச்சிடுவேன். ஒருநாள் பத்தி வரலைன்னா அன்னிக்கு ஜில்லாவுல ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம்." கைதட்டல். "என் கீழ இருக்கிற அதிகாரிகளுக்கும் சொல்லியிருக்கேன். வெயில்ல அலையாதீங்க. படிங்க."

முன்வரிசையில் ஏ.இ. வேங்கடாசலம் பலமாகத் தலையாட்டினார்.

தோதாத்ரி ஏற்புரை செய்தார். "பத்தி எழுத ஆரம்பிக்கறதுக்கு முந்தி நானும் ஊர் ஊராப் போய்ப் பார்த்துண்டுதான் இருந்தேன். போனா என்ன ஆறது? ஒரு ஊர்ல போய் நின்னா அந்த ஊர்தான் தெரியறது. நாற்காலியில உக்காந்தா எல்லா ஊரும் தெரியறது. அதிகாரிகள் சொல்றதை நான் எழுதறேன். நான் எழுதறதை அதிகாரிகள் நம்பறா. இந்தப் பரஸ்பர விசுவாசம் இருக்கிற வரைக்கும் உண்மைக்கு ஒரு குறையும் வராது."

பயனாளியையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கோவர்த்தனன் சால்வையோடு மைக்கின் முன்னால் நின்றான்.

"எங்க ஊரு ஏரி ஒடையப் போவுதுங்க" என்றான். "நாளிக்குப் புயலு. கீழ நாப்பத்தியோரு வூடு கீது. கொயந்த குட்டிங்கோ கீது. யாருனா வந்து மண்ணு கொட்டினா நிக்கும்."

பெரிய அதிகாரி கைதட்டினார். அதைப் பார்த்து முன்வரிசை தட்டியது. அதைப் பார்த்து மண்டபமே தட்டியது. "எவ்வளவு இயல்பான பேச்சு" என்று பெரிய அதிகாரி தோதாத்ரியின் காதில் சொன்னது மைக்கில் விழுந்தது.

படியிறங்கும்போது கோவர்த்தனன் வேங்கடாசலத்தைப் பிடித்தான். "சார், சித்தூர் சாரே கேட்டுட்டாரு."

"கேட்டார் பாபு. நான் இல்லைன்னலை. ஆனா பேசினதுக்கும் ஃபாரம் கிடையாது காதா?"

*

வியாழக்கிழமை பொழுது விடியும்போதே காற்று தொடங்கிவிட்டது. ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் கலங்கல் வழியே ஓடியது. விரிசலிலிருந்து முதலில் கசிவாகவும் பிறகு விரல் தடிமனிலும் தண்ணீர் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எந்தப் பேப்பரிலும் அது வரவில்லை. நாற்பத்தொரு வீட்டு ஆண்களும் பெண்களும் யூரியா சாக்கிலும் ரேஷன் அரிசிச் சாக்கிலும் மண்ணை நிரப்பிச் சங்கிலிபோல நின்று கைமாற்றினார்கள். ஷோபா தன் வீட்டுப் பின்சுவரை இடித்துக் கல்லைக் கொடுத்தாள். தென்னை மட்டை, பழைய பாய், ஒருவர் வீட்டுக் கதவு, எல்லாம் உள்ளே போயின. புயல் நாலு மணிக்குக் கரையைக் கடந்து, ஆறு மணிக்கு அடங்கியது. குன்னம்பேட்டு ஏரி விளிம்பு தட்டி நின்றது. கரை அப்படியே இருந்தது.

கோவர்த்தனன் கரைமேலேயே உட்கார்ந்து சிரித்தான். மூன்று நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷோபா பேப்பரோடு வந்தாள். இந்தத் தடவை முழுதும் படிக்காமலே நீட்டினாள்.

"நேத்து நாம செத்துட்டமாய்யா?"

'குன்னம்பேடு என்றொரு ஊர் இருந்தது' என்று பத்தி ஆரம்பித்தது. மதகுக்குக் கிழக்கே இருபதடியில் கரை உடைந்து, நாரைகள் அலறிப் பறக்க, நாற்பத்தொரு வீடுகளும் தண்ணீரில் போயிருந்தன. தோதாத்ரி முழங்கால் வரைச் சேற்றில் நின்றிருந்தார். கடைசியில் கோவர்த்தனன் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு விம்மியிருந்தான். படமும் இருந்தது. நல்ல படம்.

அவன் ஆபீஸுக்குப் போன் செய்தான். ஸ்ரீவல்லி எடுத்தாள்.

"கரை ஒடையல மேடம். நிக்குது. நான் அது மேல நின்னுக்கினுதான் பேசறேன்."

"புயல் நாலு மணிக்குன்னாங்க" என்றாள். "கரண்ட் போயிடும்னு பக்கத்தை ஒரு மணிக்கே அனுப்பச் சொல்லிட்டாங்க. உடையும்னு நீங்கதானே அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?"

"உடையாம பாத்துக்குங்கன்னுதானே சொன்னேன்."

"தெரியும்."

"ஒரு வரி போடுங்க மேடம். ஊரு கீது, கரை நிக்குதுன்னு."

"இருபத்தேழு வருஷத்துல அந்தப் பத்திக்குத் திருத்தம் போட்டதில்லை கோவர்த்தனன்." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "ஒரு தடவை செங்கல்வராயன்னு ஒருத்தர் செத்துட்டதா வந்துடுச்சு. உயிரோட வந்து நின்னார். சாமி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, ரொம்ப நேரம் பேசி, வேற ஊருக்குப் போய் இருக்கச் சொல்லி அனுப்பிட்டார். நீங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க."

எதற்கு ஜாக்கிரதை என்று அவன் கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை கிராமச் சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு ஆபீஸிலிருந்து மாதவி என்ற பெண் டேப்லெட்டோடு வந்தாள். இடிந்த வீடுகளைப் படம் எடுக்க வேண்டும். வீடுகள் நின்றுகொண்டிருந்தன. அவள் தெருவையே இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, ஷோபா இடித்த பின்சுவரைக் கண்டுபிடித்து, நாற்பத்தொரு கோணத்தில் அதையே எடுத்துக்கொண்டு போனாள். "ஏம்மா, வூடு நிக்குதேம்மா" என்று ஷோபா கேட்டதற்கு, "நிக்கிறதுக்கு ஆப்ஷன் இல்லக்கா" என்றாள்.

*

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது.

ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. மேகம் மறுபடியும் கிழக்கே கூடியிருந்தது. ஜேசிபிக்குப் பின்னால் வேங்கடாசலத்தின் ஜீப்பும், அதற்குப் பின்னால் கண்ணாடி ஏற்றிய வெள்ளைக் காரும் கரையோரமாக வந்து நின்றன. கோவர்த்தனன் ஓடிப்போனான்.

"வந்துட்டீங்களா சார். சாக்கு மூட்டதான் போட்டு வெச்சிருக்கோம், தாங்காது. நல்லா கல்லு வெச்சுக் கட்டிடுங்க."

வேங்கடாசலம் சந்தோஷமாக இல்லை. கையில் கோப்பு இருந்தது. "உத்தரவு பார் பாபு. 'உடைந்த கரையைச் சீரமைக்கவும்.' சித்தூர்லேர்ந்து வந்திருக்கு. அவங்களுக்கும் மேல போயிட்டு வந்திருக்கு."

"சரி, சீரமைங்க."

"எதை? இது உடையலையே."

"ஆமா சார், உடையல."

"உடையாத கரையை எப்படிச் சீரமைக்கிறது? உடைஞ்சதுன்னு பேப்பர் இருக்கு, பெயர்ப்பு இருக்கு, போட்டோ நாப்பத்தொண்ணு இருக்கு. கரை மட்டும்தான் ஃபைலோட ஒத்துப்போகலை."

கோவர்த்தனனுக்கு அப்போதும் புரியவில்லை. ஜேசிபிக்காரர் தலையை வெளியே நீட்டி, எங்கே தோண்டணும் என்று தெலுங்கில் கேட்டார். வேங்கடாசலம் கோப்பைப் பிரித்து, வெட்டி ஒட்டிய பத்தியில் விரலை ஓட்டிப் பார்த்துச் சொன்னார். "மதகுக்குக் கிழக்கே இருபதடி."

அது அவன் சொன்ன இடம்.

"சார், தண்ணி மொத்தமா கீது சார். கீழ ஜனம் கீது."

"கீழ யாரும் கிடையாது பாபு." வேங்கடாசலம் அவனை நேராகப் பார்க்காமல் தாளைத் திருப்பிக் காட்டினார். "பார். எல்லாம் போயிடுச்சு, உயிர் ஒண்ணுதான் மிச்சம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. கையெழுத்து இருக்கு. உயிர் மிச்சம்னு இருக்கறதால சொல்றேன், ஒரு அரைமணி நேரம் தரேன். எல்லாரையும் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏத்திடுங்க."

கோவர்த்தனன் வெள்ளைக் காரிடம் ஓடிக் கண்ணாடியைத் தட்டினான். பாதி இறங்கியது. உள்ளே தோதாத்ரி உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஏரியைப் பார்க்கிற முகம், கொஞ்சம் மிரண்டிருந்தது. சீரமைப்பை அவர்தான் தொடங்கிவைக்க வேண்டும் என்று பெரிய அதிகாரி ஆசைப்பட்டாராம்.

"சாமி, நீங்களே பாருங்க. கரை நிக்குதா இல்லியா? கண்ணால பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க சாமி. நீங்க சொன்னா நிறுத்திடுவாரு."

தோதாத்ரி பார்த்தார். முழுக் கரையையும், அதன்மேல் அடுக்கியிருந்த சாக்குகளையும், விளிம்பு தட்டிய தண்ணீரையும், கீழே ஓடுகளையும், கொடியில் காய்ந்த பாவாடைகளையும் பார்த்தார். தண்ணீரோரம் ஒரு கொக்கு நின்றது. அதையும் பார்த்தார். அவர் உதடு அசைந்தது.

"எங்கே உடைஞ்சிருக்கு?" என்று வேங்கடாசலத்தைக் கேட்டார்.

"இதோ சாமி. அரைமணி நேரம்."

கோவர்த்தனன் செல்போனை எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர் போயிற்று. "ஷோபா. ஆட்ட அவுத்துவுடு. எல்லாரையும் கூட்டிக்கினு பள்ளிக்கூடத்துக்குப் போ. ஒண்ணும் எடுத்துக்காத. கேக்காத, போ."

கீழே கதவுகள் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மேட்டைப் பார்த்து நடந்தார்கள். ஜேசிபியின் வாளி எழும்பி, முதல் சாக்கைக் கவ்வித் தூக்கியது. ரேஷன் அரிசிச் சாக்கு. அதிலிருந்து மண் கொட்டிக்கொண்டே இருந்தது.

தோதாத்ரி தங்க ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியில் நிதானமாகத் துடைத்து, உறைக்குள் வைத்து மூடினார். காரின் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். அது ஏறி மூடும்வரை அவர் குரல் கேட்டது.

"முடிஞ்சதும் சொல்லுங்கோ. பார்க்கறேன்."